பழைய வண்டியில் முதல் ட்ரையல்ஸ்: ஐந்துகளைக் குறைக்கும் வழி

பாறை, ஓடை, சேறு வழியே கால் ஊன்றாமல் பைக் ஓட்டும் போட்டிதான் ட்ரையல்ஸ். அதற்கு முதல்முறை பெயர் கொடுப்பவர் கண்ணுக்குப் பாறைதான் பெரிதாகத் தெரியும். பழைய வண்டியில் போகிறவருக்கோ பாறையைவிடப் பெரிய எதிரிகள் வண்டிக்குள்ளேயே இருக்கிறார்கள். மாலையில் மதிப்பெண் அட்டையை எடுத்து, எந்த ஐந்து (ஒரு முயற்சியில் விழும் அதிகபட்ச தண்டப் புள்ளி) எதனால் விழுந்தது என்று கணக்குப் பார்த்தால் அநேகமாக இப்படித்தான் வரும்: சூடானதும் இழுக்க ஆரம்பித்த கிளட்ச், திருப்பத்தில் அணைந்துபோன இன்ஜின், ஓடையைத் தாண்டியதும் பிடிக்காத பிரேக். மூன்றுமே போட்டிக்கு முந்தைய வாரம் ஷெட்டில் உட்கார்ந்து தீர்க்கக்கூடியவை.

முதலில் கணக்கு. ட்ரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. கொடி கட்டிய குறுகிய பாதை ஒன்று, அதுதான் செக்‌ஷன். உள்ளே எத்தனை முறை கால் ஊன்றுகிறீர்கள் என்று அப்சர்வர் எண்ணுவார். ஊன்றாவிட்டால் 0, ஒருமுறைக்கு 1, இருமுறைக்கு 2, மூன்று முறையும் அதற்கு மேல் எத்தனை ஆனாலும் 3. விழுந்தாலோ, கொடிக்கு வெளியே சக்கரம் போனாலோ, முடிக்காமல் விட்டாலோ 5. குறைவாக வாங்கியவர் வென்றவர். பத்து செக்‌ஷன், நான்கு சுற்று என்றால் மொத்தம் 40 முயற்சி. எல்லாவற்றிலும் ஒரே ஒரு முறை கால் ஊன்றியவருக்கு 40. இருபதைச் சுத்தமாக முடித்து, பத்தில் ஒவ்வொன்று வாங்கி, மீதி பத்தில் ஐந்து வாங்கியவருக்கு 60. பார்க்கிறவர்கள் கைதட்டுவது இரண்டாமவருக்குத்தான், ஆனால் பட்டியலில் அவர் கீழே இருப்பார்.

விதித்தாளை முன்னாலேயே வாங்கிப் படியுங்கள். நிற்பது பற்றிய விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ‘நான்-ஸ்டாப்’ விதி என்றால் வண்டி முன்னோக்கி நகர்வது நின்ற கணமே ஐந்து, கால் கீழே இல்லாவிட்டாலும் ஐந்துதான். நிற்க அனுமதிக்கும் விதியில் கால் ஊன்றாமல் நின்றால் ஒன்றுமில்லை. பழைய வண்டிகளுக்கான போட்டிகள் பெரும்பாலும் நான்-ஸ்டாப்தான், அது பழைய வண்டிக்குச் சாதகமும்கூட. ஷெர்பா, கோட்டா 247, டிஎல்ஆர் 200 போன்ற பழைய ட்ரையல்ஸ் வண்டிகள் 90 முதல் 100 கிலோ வரை எடையுள்ளவை. இன்றைய ட்ரையல்ஸ் வண்டி 70 கிலோவை ஒட்டித்தான் வரும். நின்ற இடத்தில் பின்சக்கரத்தைத் துள்ள வைத்துத் திருப்பும் வித்தையெல்லாம் அந்தக் கூடுதல் எடையில் நடக்காது. பதிலாகப் பழைய வண்டிகளில் கனமான ஃப்ளைவீல் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரம்) இருக்கிறது. வேகம் குறைந்தாலும் இன்ஜின் சட்டென்று சாகாது. பெல்ஜிய வீரர் எட்டி லெஜூன் 1982 முதல் 1984 வரை தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்களை வென்றது ஹோண்டாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில். பின்னால் இரண்டு சாக் அப்சார்பர் வைத்த வண்டிதான் அதுவும்.

பிரிவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இரட்டை சாக், ஏர்-கூல்டு இன்ஜின், டிரம் பிரேக் மூன்றும் இருந்தால் ட்வின்ஷாக் பிரிவு. 1965-க்கு முந்தைய வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு இருக்கலாம். அங்கே எந்தெந்த பாகத்தை மாற்றலாம் என்பதில் கெடுபிடி அதிகம். எண்பதுகளின் மோனோஷாக் (பின்னால் ஒற்றை சாக்) யமஹாவை ட்வின்ஷாக்கில் சேர்க்க மாட்டார்கள். எந்தப் பிரிவானாலும் முதல்முறைக்கு இருப்பதிலேயே எளிய பாதையைக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுத்தரப் பாதையில் இறங்கி முதல் சுற்றிலேயே கிளட்ச் லீவரை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

இனி கிளட்ச். பழைய வண்டியில் நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி முதல் கியர் போட்டு, கிளட்சை முழுக்கப் பிடியுங்கள். வண்டி மெல்ல முன்னே தவழப் பார்த்தாலோ, இன்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழாவிட்டாலோ கிளட்ச் இழுக்கிறது. தெருவில் இது வெறும் எரிச்சல். செக்‌ஷனில் என்ன ஆகும் என்றால், ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது வேகத்தைக் குறைக்க கிளட்ச் பிடிப்பீர்கள், வண்டி குறைக்காமல் உங்களைக் கொடியை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். பின் பிரேக்கை அழுத்துவீர்கள், இன்ஜின் அணைந்து வண்டி நிற்கும், கால் கீழே வரும். ஐந்து.

காரணங்களை எளியதிலிருந்து தேடுங்கள். லீவரின் நுனியில் 2–3 மி.மீ. ஆட்டம் போதும். அதைவிட அதிகமாக இருந்தால் பிளேட் முழுதாக விலகாது. ஆயிலும் காரணமாகலாம். ஷெர்பா போலக் கிளட்ச் தனி அறையில் இருக்கும் வண்டிகளில் பலரும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெலிதான ஆயில்) ஊற்றுகிறார்கள். மெலிதான ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளாது. கியர்பாக்ஸும் கிளட்சும் ஒரே ஆயிலில் நனையும் வண்டியில் அந்த வண்டிக்குச் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். கார்களுக்கான, உராய்வைக் குறைக்கும் வகை ஆயில் ஊற்றினால் இழுவைக்குப் பதில் ஸ்லிப் வரும். அப்படியும் தீரவில்லை என்றால் கவரைக் கழற்றி ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தில் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அந்தப் பிளேட் வளைந்துவிட்டது. ஸ்பிரிங்கை நட்டு வைத்து இறுக்கும் வகையாக இருந்தால், கிளட்ச் பிடித்தபடி பிரஷர் பிளேட்டைக் கவனியுங்கள். எல்லாப் பக்கமும் சமமாக எழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தப் பக்கத்து நட்டை அரைச் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். ஒரு மணி நேர வேலை. பத்து புது பிளேட் வாங்கிப் போட்டாலும் இந்த வேலையைத் தவிர்த்துவிட முடியாது.

லீவர் ஒரு விரலில், அதிகம் போனால் இரண்டு விரலில் இழுபட வேண்டும். நான்கு விரலும் கிளட்சில் இருந்தால் ஹேண்டிலைப் பிடிக்க விரல் ஏது? கேபிளைக் கூர்மையாக வளைக்காமல் பெரிய வளைவில் கொண்டுபோங்கள். பாதிப் பாரம் அதிலேயே குறையும்.

அடுத்தது, சூடானால் அணையும் வண்டி. காலையில் ஒரே கிக்கில் எழும்பும், மூன்றாவது செக்‌ஷன் வரிசையில் அணைந்துவிடும், எவ்வளவு உதைத்தாலும் எழாது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். இந்தக் கதையைக் கேட்டவுடன் கார்ப்பரேட்டரைக் கழற்றத் தொடங்குவார்கள். அதற்கு முன் கண்டென்சரைச் சந்தேகியுங்கள், அடுத்து இக்னிஷன் காயிலை. பாயிண்டில் (இக்னிஷன் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) பெரிதாக நெருப்புப் பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். பாயிண்ட் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.35–0.40 மி.மீ. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், ஆகவே இடைவெளியை வைத்துவிட்டுத்தான் டைமிங் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்ற விதி அனுமதித்தால் மாற்றிவிடலாம். ஆனால் போட்டிக்கு முந்தைய நாள் மாற்றாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பிறகே நம்பலாம்.

பல வருடம் நின்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் ஆயில் சீல் காய்ந்திருக்கும். மேக்னட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் சிறிது நேரம் ஓங்கியே ஓடும். செங்குத்து இறக்கத்தில் அது நடந்தால் மிகவும் ஆபத்து. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை தள்ளும், பிளக் ஈரமாகும். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுவது மேல்.

பைபர் டேங்க் உள்ள பழைய ஸ்பானிஷ் வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த டேங்கின் பிசினை மெல்லக் கரைக்கும். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றும்போது பழுப்பு நிறத்தில் பசைபோல ஏதாவது படிந்திருந்தால் அது பெட்ரோல் அழுக்கு இல்லை, உங்கள் டேங்க்தான். உள்பூச்சு பூசுவது அல்லது அலுமினிய டேங்குக்கு மாறுவது. வேறு வழி தெரியவில்லை. தற்காலிகமாக, ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து வைக்கலாம்.

ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுக் கையை எடுங்கள், ‘டக்’ என்று மூட வேண்டும். ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. இடக்கோடியிலும் வலக்கோடியிலும் பாருங்கள், ஐடிலிங்கும் ஏறக் கூடாது. ட்ரையல்ஸில் பாதி நேரம் ஹேண்டில் கோடியில்தான் இருக்கும்.

மணிக்கட்டில் கயிறு மாட்டி, கயிறு இழுபட்டால் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சைப் பல போட்டிகளில் கட்டாயமாகக் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் போடுங்கள். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாத மேக்னட் இக்னிஷனில் வண்டியை அணைக்க காயிலுக்குப் போகும் வயரை பாடியில் தொடவைக்க வேண்டும். பேட்டரி வைத்த இக்னிஷனில் கரண்டைத் துண்டிக்க வேண்டும். இரண்டும் நேரெதிர். தவறான வகை சுவிட்சை வாங்கினால், கயிறு இழுபட்டால் ஓடும், மாட்டியிருந்தால் ஓடாது. வாங்கும்போதே இன்ன இக்னிஷன் என்று சொல்லி வாங்குங்கள்.

டிரம் பிரேக் மோசமானது என்று சொல்வார்கள். சரியாக அமைக்காத டிரம் பிரேக்தான் மோசம். ஷூவின் மேற்பரப்பு கண்ணாடிபோல மின்னினால் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். கேம் தண்டைக் கழற்றித் துடைத்து, மிகச் சிறிதளவு கிரீஸ் வையுங்கள். கூடினால் ஷூவில் வழியும். பிரேக் முழுதாகப் பிடிக்கும்போது டிரம் மேல் கேம் தண்டைத் திருப்பும் சிறிய லீவருக்கும் கேபிளுக்கும் இடையே கோணம் 90 பாகை இருக்க வேண்டும். ஷூ தேயத் தேய இந்தக் கோணம் தாண்டிப்போய், எவ்வளவு இழுத்தாலும் பலம் வராது. அப்போது அந்த லீவரைக் கழற்றி ஒரு பல் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் புது பிரேக் மாதிரி இருக்கும். தண்ணீரில் இறங்கிய டிரம் கொஞ்ச நேரம் பிடிக்காது. ஓடையை விட்டு ஏறியதும் இரண்டு பிரேக்கையும் லேசாக உரசியபடி பத்து மீட்டர் ஓட்டினால் காய்ந்துவிடும். அடுத்த செக்‌ஷன் இறக்கமாக இருந்தால் இந்தப் பத்து மீட்டரை மறக்கவே கூடாது.

டயர் ட்ரையல்ஸ் டயராகத்தான் இருக்க வேண்டும். மோட்டோகிராஸ் டயரைப் போட்டிக்கு முந்தைய வண்டிப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கமான அளவு முன்னால் 2.75-21, பின்னால் 4.00-18. காற்று பின்னால் 4–5 பி.எஸ்.ஐ., முன்னால் 5–6. கனமானவர் ஓட்டினால், அல்லது கூரான பாறை அதிகமிருந்தால் ஒன்று கூட்டலாம். அறுபது வரை காட்டும் சாதாரண கேஜில் நாலுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாது. 0–15 காட்டும் கேஜ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், காற்றைப் போட்டி இடத்தில் நிழலில் வைத்துப் பாருங்கள்.

டியூப் போட்ட ரிம்மில் இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மைச் சுற்றி நகரப் பார்க்கும், டியூபையும் கூட இழுக்கும். இதைத் தடுக்க ரிம்லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் கட்டை) இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். வால்வின் அடிநட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள், மேலே தள்ளி மூடியோடு சேர்த்து வையுங்கள். அப்போது டியூப் நகர்ந்தால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குனிந்து ஒரு பார்வை. சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ரிம்லாக்கை இறுக்குங்கள். ரிம்மோடு சேர்த்து இறுக்கிய வால்வில் இந்த அறிகுறி வராது, நேராகக் கிழியும்.

கியர் விகிதம் உயரமாகத் தோன்றினால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். 10-லிருந்து 9 என்றால் பத்து சதவீதம் இறங்கும். அதற்கு மேல் குறைத்தால் ஒவ்வொரு இரண்டு மீட்டருக்கும் கியர் மாற்ற வேண்டியிருக்கும்.

பரிசோதனையில் சின்ன விஷயங்களுக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள்: ஹேண்டில்பார் முனை திறந்திருப்பது, லீவர் நுனியில் உருண்டை உடைந்திருப்பது, செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் மறைப்பு இல்லாதது, மடிந்த ஃபுட்ரெஸ்ட் தானாகத் திரும்பாதது. லீவர் கிளாம்பை முழுக்க இறுக்காதீர்கள். வண்டி சாய்ந்தால் லீவர் சுழன்று தப்ப வேண்டும். கையால் பலமாகத் திருகினால் நகரும் அளவு போதும்.

கிளட்ச் கேபிளுக்கும் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் மாற்று எடுத்துப்போவார்கள் எல்லோரும். அதைப் பெட்டியில் வைக்காமல், பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, இரு முனையையும் டேப் சுற்றி வைத்துவிடுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றிக் கொக்கியில் மாட்டும் வேலை மட்டும்தான் மிஞ்சும். டேங்கைக் கழற்ற வேண்டாம். இவை தவிர இரண்டு பிளக், பிளக் ஸ்பானர், ஒரு லீவர், செயின் லிங்க், டியூப், பம்ப். இடுப்புப் பையில் இவ்வளவு போதும்.

போட்டி நாளில் முதல் வேலை நடப்பது. ஒவ்வொரு செக்‌ஷனையும் நடந்து பாருங்கள், முடிவிலிருந்து தொடக்கத்துக்கும் ஒருமுறை நடங்கள். வழக்கமாகச் சிவப்பு வலப்பக்கம், நீலம் இடப்பக்கம். உங்கள் பிரிவுக்கான அம்பின் நிறம் எது என்று உறுதி செய்யுங்கள். பெரிய பாதைக்கான அம்பைப் பின்தொடர்ந்து போய் ஐந்து வாங்குவதைவிட வயிற்றெரிச்சல் கிடையாது. முன்சக்கரத்தின் அச்சு தொடக்கப் பலகையைத் தாண்டும்போது எண்ணிக்கை தொடங்கும், முடிவுப் பலகையை அச்சு தாண்டும்போது முடியும். கடைசி மீட்டரில் முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்து ஒன்று வாங்குபவர்கள் ஏராளம்.

ஒரு செக்‌ஷனை எடுத்துக்கொள்வோம். முழங்கால் ஆழமில்லாத ஓடைக்குள் எட்டு மீட்டர், வலப்பக்கம் கூரான திருப்பம், வேர்கள் ஓடும் மண்கரை ஏற்றம். நடக்கும்போது தண்ணீருக்குள் பாதத்தால் தடவுங்கள்; எந்தக் கல் ஆடுகிறது, எது ஆடவில்லை என்று கால்தான் சொல்லும். வேரைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் வேரின் நீளத்துக்குச் சறுக்கும், ஆகவே செங்கோணத்தில் கடக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்துக்கு நேராக வர வேண்டுமென்றால் ஓடையின் இடது ஓரம்வரை விரிந்து திரும்ப வேண்டும். பாதையை இப்படிப் பின்னாலிருந்து முன்னால் கட்டுங்கள்: முதலில் கரை, அதற்கேற்ற திருப்பம், அதற்கேற்ற நுழைவு.

ஓட்டும்போது எழுந்து நின்று, முழங்கால் தளர்வாக, பார்வை அடுத்த திருப்பத்தில். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியை வலப்பக்கம் சாய்த்து, உடலை இடப்பக்கம் வெளியே விட்டு, எடையை இடது ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். கரையில் ஏறும்போது பழைய வண்டிக்குத் தனிக் கணக்கு உண்டு. கனமான ஃப்ளைவீல் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், அதனால் கரையின் அடியில் ஆக்சிலேட்டர் திருகினால் நேரம் கடந்துவிட்டது. ஒரு வண்டி நீளம் முன்னாலேயே திறந்து, சரிவில் ஏறியதும் மெல்ல மூடிக்கொண்டே போங்கள். சேற்றில் முதல் கியரைவிட இரண்டாவது கியர்தான் பிடிக்கும், முதல் கியரில் பின்சக்கரம் சுழன்று குழி தோண்டும்.

கரையின் பாதியில் வண்டி திணறுகிறதா? வெட்கப்படாமல் இரண்டு காலையும் போட்டுத் தள்ளி ஏறுங்கள். பத்து முறை ஊன்றினாலும் மூன்றுதான். கால் ஊன்றக் கூடாது என்று வைராக்கியத்தோடு தொங்கி, நின்றுபோய் ஐந்து வாங்குவதில் லாபமில்லை. அதேபோலச் சமநிலை தவறுகிறது என்று தெரிந்தவுடன் ஒரு காலை உடனே, உறுதியாக வையுங்கள். தாமதித்தால் ஒன்று போதுமான இடத்தில் மூன்று வேண்டியிருக்கும்.

மற்றவர்கள் இரண்டு மூன்று பேர் போவதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், முக்கியமாக உங்களைப் போலவே பழைய வண்டிக்காரர்களை. இன்றைய வண்டிக்காரர் போன கோட்டை நம்பாதீர்கள். அப்சர்வரிடம் வாதாடாதீர்கள்; அவர் சம்பளமில்லாமல் நாள் முழுக்க நிற்பவர். சந்தேகமிருந்தால் நுழைவதற்கு முன் கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

நாலைந்து மணி நேரம் நின்றே ஓட்டுவதில் கடைசிச் சுற்றில் தொடையும் முன்கையும் கெஞ்சும். செக்‌ஷன்களுக்கு இடையே உட்கார்ந்து ஓட்டுங்கள், வரிசையில் வண்டியை அணையுங்கள், தாகம் வருவதற்கு முன் தண்ணீர் குடியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைக் கழுவுவதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு டிரம்மையும் திறந்து காயவிடுங்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டித் தளர்ந்ததைக் கண்டுபிடியுங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஓடையில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒருமுறை மாற்றினால் போதாது. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, மறுபடியும் வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். முதல் மாற்றத்தில் மிஞ்சிய தண்ணீர் அப்போதுதான் வெளியேறும்.